எலுமிச்சை, ஆரஞ்சு சுவையில் ஜவ்வு மிட்டாய்: சாற்றைக் காய்ச்சாதீர்கள்

கேள்வி இதுதான்: வீட்டிலேயே எலுமிச்சை அல்லது ஆரஞ்சு சுவையில், பல்லில் இழுபட்டு மெல்ல வருகிற ஜவ்வு மிட்டாய் செய்ய வேண்டும். சர்க்கரைப் பாகில் பழச்சாற்றை விட்டுக் காய்ச்சினால் ஒரு தடவை கல்லாகிவிடுகிறது, இன்னொரு தடவை எத்தனை மணி நேரம் வைத்தாலும் கெட்டியாகாமல் கையில் ஒட்டுகிறது. வாயில் போட்டால் பழத்தின் மணமும் இல்லை, ஏதோ ஜாம் தின்ற மாதிரி இருக்கிறது. எங்கே தப்பு?

தப்பு சாற்றில்தான். பழச்சுவை என்றதும் சாற்றைப் பிழிந்து ஊற்றத்தான் எல்லாருக்கும் கை போகும். ஆனால் மிட்டாய்க் கணக்கில் சாறு என்பது கொஞ்சம் அமிலமும் நிறையத் தண்ணீரும்தான். எலுமிச்சைச் சாறு 100 மில்லி எடுத்தால் அதில் சிட்ரிக் அமிலம் 5, 6 கிராம் இருக்கும். மிச்சத்தில் பெரும்பங்கு வெறும் தண்ணீர். அரைக் கிலோ மிட்டாய் நாக்கில் சுள்ளென்று புளிக்க அந்த 5, 6 கிராம் அமிலமாவது வேண்டும். பாகை இறக்கிய பிறகு 100 மில்லி சாற்றை ஊற்றினால், இவ்வளவு நேரம் அடுப்பில் நின்று விரட்டிய தண்ணீரைத் திரும்பக் கூப்பிட்டு உள்ளே உட்கார வைத்த கதைதான். பதம் போயிற்று.

சரி, முதலிலேயே ஊற்றிக் காய்ச்சினால்? தண்ணீர் போய்விடும். ஆனால் அமிலமும் சூடும் ஒன்றுசேர்ந்தால் சர்க்கரை உடையும். சர்க்கரை, அதாவது சுக்ரோஸ், குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் பிரியும். இதில் ஃப்ரக்டோஸ் காற்றிலுள்ள ஈரத்தை இழுப்பதில் பெரிய ஆள். அதனால்தான் உங்கள் மிட்டாய் மணிக்கணக்கில் வைத்தும் ஒட்டிக்கொண்டே இருக்கிறது. அதோடு பாகு சீக்கிரம் சிவக்கும். பழத்தின் மணமெல்லாம் ஆவியோடு கிளம்பிச் சமையலறை முழுக்கப் பரவும். பாத்திரத்தில் ஒன்றும் மிஞ்சாது. காய்ச்சும்போது வீடே மணக்கிறதே என்று சந்தோஷப்படாதீர்கள். மணக்க மணக்க மிட்டாயிலிருந்து அது போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

ஆகவே மூன்று வேலைகளையும் மூன்று பொருள்களிடம் பிரித்துக் கொடுங்கள். புளிப்பு சிட்ரிக் அமிலத் தூளிடம். மணம் பழத்தோலிடம். ஜவ்வு பாகிடம், அல்லது பாகும், உறைய வைக்கிற புரதமான ஜெலட்டினும் சேர்ந்த கூட்டணியிடம். பாகு முதலில், மணமும் புளிப்பும் அடுப்பை அணைத்த பிறகு. இந்த ஒரு வரிசையைக் காப்பாற்றினால் மீதி எல்லாம் அளவும் பழக்கமும்தான்.

முதலில் ஜவ்வு எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுவோம். பாகில் கடைசியாக எவ்வளவு தண்ணீர் மிஞ்சுகிறது என்பதுதான் மிட்டாய் மிருதுவா, ஜவ்வா, கல்லா என்பதைத் தீர்மானிக்கிறது. தண்ணீர் குறையக் குறையப் பாகின் கொதிநிலை ஏறும். அதனால்தான் வெப்பமானியைப் பார்த்தே பதம் சொல்ல முடிகிறது. சுமாராகச் சொன்னால், 115 டிகிரி செல்சியஸில் பாகில் 13 முதல் 15 சதவீதம் வரை தண்ணீர் இருக்கும், விரலால் உருட்டினால் நசுங்குகிற மென்மையான உருண்டையாகும். 125 வாக்கில் தண்ணீர் 10 சதவீதத்துக்கும் கீழே போய்விடும், உருண்டை கெட்டியாக நிற்கும், அழுத்தினால்தான் வளையும். 150-ஐத் தொட்டால் 1, 2 சதவீதம்தான் மிச்சம். கண்ணாடித் துண்டாக உடையும். உங்களுக்கு வேண்டியது 122-க்கும் 126-க்கும் நடுவில் இருக்கிறது. இடைவெளி நான்கே டிகிரி. கடைசி நிமிடங்களில் வெப்பமானியின் முள் வேகமாக ஏறும், அந்த நேரத்தில் போனை எடுத்துப் பார்த்தால் கல் மிட்டாய்தான்.

வெப்பமானியை நம்புவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். கொதிக்கிற தண்ணீரில் வைத்தால் அது 100 காட்ட வேண்டும். 98 காட்டினால் உங்கள் கருவிக்கு இரண்டு டிகிரி குறைச்சல், பாகுக்கும் அதே இரண்டைக் கழித்துக்கொள்ளுங்கள். மலைப்பகுதியில் இருப்பவர்களுக்கும் இதே கணக்கு உதவும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் ஏறினால் தண்ணீரின் கொதிநிலை ஒரு டிகிரி இறங்கும். அப்புறம், கம்பியின் நுனி பாத்திரத்தின் அடியைத் தொடக்கூடாது. தொட்டால் அது பாகின் சூட்டைக் காட்டாது, பாத்திரத்தின் சூட்டைத்தான் காட்டும்.

வெப்பமானியே இல்லையென்றால் குளிர்ந்த தண்ணீர் இருக்கிறது. ஒரு கிண்ணத்தில் நல்ல குளிர்ந்த தண்ணீரை வைத்துக்கொண்டு, அடுப்பைக் குறைத்துவிட்டு, பாகில் அரை ஸ்பூன் எடுத்து விடுங்கள். ஐந்து விநாடி விட்டுத் தண்ணீருக்குள்ளேயே விரலால் திரட்டுங்கள். திரளாமல் கரைந்தால் இன்னும் வெகுதூரம். திரண்டு, வெளியே எடுத்ததும் உள்ளங்கையில் தட்டையாகப் பரவினால் 115-ஐச் சுற்றி இருக்கிறீர்கள். வெளியே எடுத்த பின்பும் உருண்டையாகவே நின்று, கட்டைவிரலால் அழுத்தினால் எதிர்த்து, பின் மெதுவாகக் குழிந்தால் அதுதான் நமக்கான பதம். அந்த உருண்டையைத் தின்று பாருங்கள். அது இப்போது எப்படி மெல்லுகிறதோ, கிட்டத்தட்ட அப்படித்தான் மிட்டாயும் வரும். இதைவிட நேர்மையான சோதனை வேறில்லை.

வெறும் சர்க்கரையை மட்டும் வைத்து இந்தப் பதத்துக்குக் காய்ச்சினால் ஆறும்போது பூத்துப்போய் மணல் மணலாகிவிடும். அதைத் தடுப்பது லிக்விட் குளுக்கோஸ், அல்லது கார்ன் சிரப். அதன் நீளமான மூலக்கூறுகள் சர்க்கரைத் துகள்கள் ஒன்றோடொன்று கூடுவதைத் தடுக்கின்றன, இழுவையையும் கொடுக்கின்றன. கேக் சாமான் விற்கிற கடைகளில் கிடைக்கும். அது இல்லாமல் சர்க்கரையில் ஒரு சிட்டிகை அமிலம் போட்டு, அதையே உடைத்துச் சிரப் பண்ணிக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். பூப்பதைத் தடுக்க அது போதும், ஜவ்வுக்குப் போதாது. நீளமான மூலக்கூறு அதில் இல்லை, ஈரத்தையும் கூடுதலாக இழுக்கும். தேனுக்கும் இதே குறைதான். வாங்க முடிந்தால் குளுக்கோஸையே வாங்குங்கள்.

அடுத்து மணம். இந்த மிட்டாயில் என்னைக் கேட்டால் இதுதான் முக்கியமான பாகம், பலர் கவனிக்காததும் இதுதான். கண்ணை மூடிக்கொண்டு வெறும் சிட்ரிக் அமிலமும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரைக் குடித்தால் அது எலுமிச்சையா ஆரஞ்சா என்று சொல்ல முடியாது. எலுமிச்சை என்று மூக்குக்குச் சொல்வது தோலிலுள்ள எண்ணெய். ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் லிமோனீன் என்ற மணப்பொருள் மட்டுமே ஏறத்தாழ 95 சதவீதம். எலுமிச்சையிலும் லிமோனீன்தான் பெரும்பங்கு. ஆனால் கூடவே கொஞ்சமாக இருக்கிற சிட்ரால் என்ற பொருள்தான் அந்தக் கூரான எலுமிச்சை வாசத்தைத் தருகிறது. ஒரு தோல் துண்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, நிறமுள்ள பக்கம் வெளியே இருக்கும்படி மடித்து அழுத்துங்கள். புகை மாதிரிச் சின்னச் சாரல் ஒன்று தெறிக்கும். அதுதான் நமக்கு வேண்டியது.

தோல் சீவுவதற்கு முன் பழத்தை வெந்நீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள், பல பழங்களுக்கு மெழுகு பூசியிருப்பார்கள். மெல்லிய துருவியில், நிறம் மட்டும் வருகிற அளவுக்கு ஓரிடத்தில் ஒரே ஒரு இழுப்பு. வெள்ளை தெரிந்ததும் பழத்தைத் திருப்பிவிட வேண்டும். அந்த வெள்ளைப் பகுதி கசக்கும். பம்ப்ளிமாஸ், கிரேப்ஃப்ரூட் இனங்களில் அது இன்னும் கடுமை.

துருவியதை அப்படியே பாகில் போடுவதைவிட நல்ல வழி உண்டு. இந்த எண்ணெய் தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். நம் மிட்டாய்க்கு எப்படியும் வெண்ணெய் வேண்டும். ஆகவே வெண்ணெயை மிகக் குறைந்த தீயில் உருக்கி, துருவலைப் போட்டு, குமிழி வராத சூட்டில் பத்து நிமிடம் வைத்துவிட்டு, மூடி அரை மணி நேரம் ஊறவிடுங்கள். பிறகு வடிகட்டி, துருவலை ஸ்பூனால் அழுத்திப் பிழியுங்கள். மஞ்சளாக, மூக்கைத் துளைக்கிற வெண்ணெய் கிடைக்கும். மிட்டாயில் திப்பி இருக்காது. துருவலைச் சர்க்கரையோடு தேய்த்துக் கடைசியில் போட்டால் கரையாத சர்க்கரைத் துகள் பாகைப் பூக்க வைத்துவிடுமே, அந்தத் தொந்தரவும் இல்லை.

கடையில் விற்கிற எலுமிச்சை எண்ணெய், ஆரஞ்சு எண்ணெய் தப்பில்லை. ஆனால் உணவுக்கானது என்று போட்டிருப்பதாக இருக்க வேண்டும், நறுமணச் சிகிச்சைக்கு விற்பது வேண்டாம். அரைக் கிலோவுக்கு ஐந்தாறு சொட்டுக்கு மேல் போனால் நாக்கு எரியும். தண்ணீர் கலந்த எசன்ஸ் சூட்டில் சீக்கிரம் பறந்துவிடும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

இனி செய்முறை. ஜெலட்டின் எதுவும் இல்லாத, கையால் இழுத்துச் செய்கிற மிட்டாயிலிருந்து தொடங்குங்கள். சர்க்கரை 300 கிராம், லிக்விட் குளுக்கோஸ் 200 கிராம், தண்ணீர் 100 மில்லி, வெண்ணெய் 35 கிராம், கால் டீஸ்பூன் உப்பு, சிட்ரிக் அமிலத் தூள் 5 முதல் 6 கிராம். தோலுக்கு நான்கு எலுமிச்சை, அல்லது இரண்டு எலுமிச்சையும் ஒரு ஆரஞ்சும். வெறும் ஆரஞ்சுத் தோல் மட்டும் போட்டால் கொஞ்சம் மந்தமாக இருக்கும், பக்கத்தில் எலுமிச்சை இருந்தால்தான் ஆரஞ்சே எடுப்பாகத் தெரியும். அமிலத் தூள் கட்டியாக இருந்தால் மிக்ஸியில் ஒரு சுற்று விட்டு மாவாக்கிக்கொள்ளுங்கள். இந்த அளவில் அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதலாக வரும்.

அடி கனமான, நீங்கள் நினைப்பதைவிட ஒரு அளவு பெரிய பாத்திரமாக எடுங்கள், பாகு பொங்கும். சர்க்கரை, குளுக்கோஸ், தண்ணீர், உப்பு நான்கையும் போட்டு, சர்க்கரை முழுக்கக் கரையும் வரை நடுத்தரத் தீயில் கிளறுங்கள். கொதி வந்ததும் கரண்டியை வெளியே எடுத்துவிட்டு இரண்டு மூன்று நிமிடம் மூடி வையுங்கள். மூடியில் சேரும் ஆவி வழிந்து, பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டியிருக்கிற சர்க்கரைத் துகள்களைக் கழுவிவிடும். பிறகு மூடியை எடுத்துவிட்டுக் கிளறாமல் காய்ச்சுங்கள். மென்மையான ஜவ்வுக்கு 123, பல்லுக்கு வேலை கொடுக்கிற ஜவ்வுக்கு 126. காற்றில் ஈரம் அதிகமான நாளென்றால் இன்னும் ஒன்றிரண்டு டிகிரி கூட்டிக்கொள்ளலாம், மிட்டாய் எப்படியும் ஈரத்தைக் குடித்து இளகும்.

பதம் வந்ததும் அடுப்பை அணையுங்கள். உடனே வெண்ணெயை ஊற்றாதீர்கள். கொதிப்பெல்லாம் அடங்கி, 110 வாக்கில் இறங்கியதும் மண வெண்ணெயை ஊற்றிக் கலக்குங்கள். முதலில் சேராமல் மேலே மிதக்கும், பரவாயில்லை, இழுக்கும்போது சேர்ந்துவிடும். எண்ணெய் தடவிய தட்டில் கொட்டி, இரண்டு நிமிடம் விட்டு அமிலத் தூளை மேலே சீராகத் தூவுங்கள். ஓரங்கள் சீக்கிரம் ஆறும், நடுப்பகுதி சூடாகவே இருக்கும். எனவே எண்ணெய் தடவிய தட்டையான கரண்டியால் ஓரத்தை எடுத்து நடுவில் மடித்துப் போட்டுக்கொண்டே இருங்கள். அமிலமும் உள்ளே போகும், சூடும் சமமாகும்.

ஒரு எச்சரிக்கை. இந்தப் பாகு கொதிநீரைவிட இருபது டிகிரிக்கும் மேல் சூடானது, தோலில் பட்டால் வழிந்து போகாது, ஒட்டிக்கொண்டு சுடும். பக்கத்தில் ஒரு பெரிய கிண்ணத்தில் குளிர்ந்த தண்ணீர் இருக்கட்டும். பட்டுவிட்டால் உடனே அதில் கையை முக்கிவிட்டு, பிறகு குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். இழுக்கிற கட்டம் வரும்வரை சின்னப் பிள்ளைகள் அந்தப் பக்கமே வர வேண்டாம்.

கை பொறுக்கிற சூட்டுக்கு வந்ததும் இழுக்க வேண்டும். உள்ளே துணிக் கையுறை, மேலே ரப்பர் கையுறை போட்டுக்கொண்டால் கொஞ்சம் முன்னதாகவே தொடங்கலாம், அது நல்லது. கையில் வெண்ணெய் தடவிக்கொண்டு, மொத்தத்தையும் திரட்டி ஒரு முழ நீளத்துக்கு இழுத்து, இரண்டாக மடித்து, ஒரு முறுக்கு முறுக்கி, மறுபடி இழுங்கள். தொடக்கத்தில் அது கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும், சொன்ன பேச்சைக் கேட்காது, நடுவில் தொய்ந்து தட்டில் படுக்கும். நான்கைந்து நிமிடத்தில் மங்கத் தொடங்கும். பத்து நிமிடத்தில் முத்து வெண்மையாகி, மேலே பட்டு நூல் ஓடுகிற மாதிரிக் கோடுகள் தெரியும். அந்தக் கோடுகள் மறுபடி உருகி மறையாமல் அப்படியே நின்றால், கையும் வலிக்கத் தொடங்கினால், போதும். நிறம் மாறக் காரணம் உள்ளே போகிற காற்று. கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னக் குமிழிகள் வெளிச்சத்தைச் சிதறடிக்கின்றன. இழுக்காமல் அப்படியே வெட்டினாலும் மிட்டாய்தான். ஆனால் அது பல்லோடு ஒட்டிக்கொண்டு பிடிவாதம் பிடிக்கும். காற்று ஏறியது கடித்ததும் விட்டுக்கொடுத்துவிடும்.

இழுக்கிற நடுவில் ஒரு டேபிள்ஸ்பூன் ஐசிங் சுகரைத் தூவி உள்ளே மடித்தால் இன்னொரு மாற்றம் நடக்கும். அந்தப் பொடி வித்தாக இருந்து, பாகில் மிக நுண்ணிய சர்க்கரைத் துகள்கள் உண்டாகும். ஒட்டல் குறைந்து, காகிதத்தில் சுற்றி வருகிற சதுர வடிவப் பழ மிட்டாய்களின் கடி வரும். 1960-இல் பிரிட்டனில் ஓபல் ஃப்ரூட்ஸ் என்ற பெயரில் வந்து பின்னால் ஸ்டார்பர்ஸ்ட் ஆன மிட்டாய் இந்த வகையில் எல்லாரும் அறிந்தது. அந்த ரப்பர் இழுவையும் வேண்டுமென்றால், 6 கிராம் ஜெலட்டினை இரண்டு டேபிள்ஸ்பூன் தண்ணீரில் ஊறவைத்து உருக்கி, வெண்ணெய்க்கு முன்னால், பாகு 100-க்குக் கீழே வந்ததும் கலந்துவிடுங்கள். அப்போது வெண்ணெயும் அதற்கேற்பப் பிந்தும். ஜெலட்டினோடு தண்ணீரும் உள்ளே போவதால் பாகை மூன்று நான்கு டிகிரி கூடுதலாகக் காய்ச்சியிருக்க வேண்டும். ஐசிங் சுகரைத் தாராளமாகக் கொட்டிவிட்டால் ஜவ்வு போய்ப் பொலபொலவென்று உதிரும். ஒரு ஸ்பூனோடு நிறுத்துங்கள்.

விரல் தடிமனுக்குக் கயிறாக உருட்டி, எண்ணெய் தடவிய கத்தரிக்கோலால் வெட்டுங்கள். வெட்டிய துண்டுகள் ஒன்றையொன்று தொடக்கூடாது, தொட்டால் அரை மணி நேரத்தில் மறுபடி ஒரே மிட்டாயாகிவிடும். ஆறியவுடன் ஒவ்வொன்றையும் பட்டர் பேப்பரில் சுற்றி இரண்டு முனையையும் முறுக்கிவிடுங்கள். ஜவ்வு மிட்டாய் பார்க்கத் திடப்பொருளாக இருந்தாலும் மிக மெதுவாக ஓடிக்கொண்டேதான் இருக்கும். காகிதம்தான் அதன் வடிவத்தைப் பிடித்து வைக்கிறது.

ஜெலட்டின் வைத்த கம்மி மிட்டாய் இன்னொரு வழி. இதில் கை வலி இல்லை, பொறுமைதான் வேண்டும். ஜெலட்டின் தூள் 40 கிராமை 80 மில்லி குளிர்ந்த தண்ணீரில் தூவிப் பதினைந்து நிமிடம் ஊறவிடுங்கள். சர்க்கரை 200 கிராம், லிக்விட் குளுக்கோஸ் 200 கிராம், தண்ணீர் 60 மில்லி சேர்த்து 118 டிகிரி வரை காய்ச்சி இறக்கி, 85-க்கு வரும்வரை காத்திருங்கள். இந்தக் காத்திருப்பைத் தாண்டிக் குதிக்கக்கூடாது. ஜெலட்டின் ஒரு புரதம், கொதிக்கிற சூட்டில் அதன் சங்கிலி அறுபட்டுவிடும். சூட்டோடு அமிலமும் சேர்ந்தால் இன்னும் வேகமாக அறுபடும். எலுமிச்சைச் சாற்றில் ஜெலட்டினைப் போட்டுக் கொதிக்க விட்டவர்களுக்குத்தான் கடைசிவரை உறையாத கம்மி கிடைக்கிறது. ஊறின ஜெலட்டினை மிதமாக உருக்கிப் பாகில் கலந்து, நுரை மேலே வரும் வரை பத்து நிமிடம் விட்டு நுரையை எடுத்துவிட்டு, எல்லாவற்றுக்கும் கடைசியில் புளிப்பும் மணமும்.

இங்கே வெண்ணெய் இல்லை, ஆகவே மணத்துக்கு வேறு ஏற்பாடு. மூன்று பழத்தின் துருவலோடு 6 கிராம் சிட்ரிக் அமிலத்தைச் சேர்த்து விரலால் நன்றாகப் பிசைந்து ஒரு மணி நேரம் மூடி வையுங்கள். அமிலம் தோலிலுள்ள ஈரத்தையும் எண்ணெயையும் வெளியே இழுத்து, மஞ்சள் சேறாகிவிடும். அதில் ஒன்றரை டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறு விட்டுக் கலக்கி, பிழிந்து வடிகட்டுங்கள். புளிப்பும் மணமும் ஒரே கரைசலில். மொத்தச் சமையலிலும் சாற்றுக்கு நான் இடம் கொடுப்பது இங்கே மட்டும்தான், அதுவும் காய்ச்சாமல். அன்னாசி, பப்பாளி, கிவி மாதிரிப் பழங்களின் பச்சைச் சாற்றில் ஜெலட்டினைச் சிதைக்கிற நொதிகள் உண்டு, எலுமிச்சை இனத்தில் அந்தத் தொல்லை கிடையாது.

அச்சில் ஊற்றி, நான்கு மணி நேரம் விட்டு எடுத்தால் கம்மி தயார் என்று தோன்றும். தின்றால் ஏமாற்றம்தான், வெறும் ஜெல்லி. அச்சிலிருந்து எடுத்துக் கம்பி வலையில் பரப்பி, மெல்லிய துணியால் மூடி, ஒரு நாள் முதல் இரண்டு நாள் வரை காற்றாட விடுங்கள். நடுவில் ஒருமுறை திருப்பிப் போடுங்கள். ஈரம் இன்னும் கொஞ்சம் போனால்தான் மெல்லுகிற தன்மை வரும். வீட்டுக் கம்மிக்கும் கடைக் கம்மிக்கும் நடுவே உள்ள வித்தியாசம் பெரும்பாலும் இந்த உலர்த்தல்தான்.

சைவமாக வேண்டுமே, ஜெலட்டின் விலங்குத் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் வருகிறதே என்று கேட்பவர்களுக்கு என் பதில்: ஜெலட்டின் இல்லாத இழுப்பு மிட்டாயே போதும். கடற்பாசியிலிருந்து எடுக்கிற அகர் அகரை வைத்துச் செய்து பார்த்து ஏமாறாதீர்கள். அது நன்றாக உறையும், ஆனால் கடித்தால் நொறுங்கும், ஜவ்வு வராது. பழங்களிலிருந்து எடுக்கிற பெக்டின் போட்டதும் கிட்டத்தட்ட அப்படித்தான், அழகாக வெட்ட வரும், பளிச்சென்று பழச்சுவை தெரியும், மெல்லுவதற்கு ஒன்றும் இருக்காது. பெக்டின் உறையச் சர்க்கரை 60 சதவீதத்துக்கு மேலும் நல்ல புளிப்பும் வேண்டும். அமிலம் பட்டதும் உறையத் தொடங்கிவிடும் என்பதால் அங்கேயும் அமிலம் கடைசியில்தான். சோளமாவு போட்டுக் கிண்டினால் ஓரளவு ஜவ்வு கிடைக்கும். அதிலும் அமிலத்தை முன்னாலேயே போட்டுக் கொதிக்கவிட்டால் மாவின் பிடிப்பு இளகிவிடும்.

கைமீறிப் போனதைச் சரிசெய்ய முடியுமா? அமிலம் போடுவதற்கு முன் பாகு முற்றிவிட்டது தெரிந்தால் நான்கைந்து ஸ்பூன் தண்ணீர் விட்டு உருக்கி மறுபடி பதத்துக்குக் கொண்டுவரலாம், ஒரு நஷ்டமும் இல்லை. அமிலம் போட்ட பிறகு மறுபடி காய்ச்சினால் முதலில் சொன்ன அதே சர்க்கரை உடைகிற கதை தொடங்கும், ஒட்டும். அப்போது கல்லாகப் போனதைக் கல்லாகவே ஏற்றுக்கொண்டு, நொறுக்கிச் சப்புகிற மிட்டாயாகத் தின்றுவிடுவது மேல். பதம் குறைந்து இளகலாக இருக்கும் இழுப்பு மிட்டாயைப் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. சூடான தண்ணீரில் கரைத்தால் நல்ல எலுமிச்சைப் பானம். இழுக்கும் நடுவில் கை வைக்க முடியாதபடி கெட்டியாகிவிட்டால் மட்டும் கவலை வேண்டாம், 90 டிகிரி ஓவனில் இரண்டு நிமிடம் வைத்தால் மறுபடி வழிக்கு வரும்.

மேலே புளிப்புச் சர்க்கரை தூவ ஆசை இருந்தால், 100 கிராம் சர்க்கரைக்கு ஒரு டீஸ்பூன் சிட்ரிக் அமிலம் போதும். முந்தின நாளே புரட்டி வைக்காதீர்கள். அமிலம் ஈரத்தை வெளியே இழுக்க, மிட்டாய் அழ ஆரம்பித்துவிடும். தின்கிற அன்றைக்குப் புரட்டுங்கள், கம்மி நன்றாகக் காய்ந்திருக்கட்டும். புளிப்பும் ஒட்டலும் சேர்ந்தது பல்லின் மேற்பூச்சுக்கு ஆகாது. தின்றதும் தண்ணீரால் கொப்பளித்துவிட்டு, பல் தேய்ப்பதை அரை மணி நேரம் தள்ளிப்போடுங்கள்.

காற்றுப் புகாத டப்பாவில், குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். ஃபிரிட்ஜில் வேண்டாம், வெளியே எடுத்ததும் மேலே நீர் கோத்துக்கொண்டு ஒட்டத் தொடங்கும். மிட்டாய் கெடுவதற்கு வெகு முன்பே எலுமிச்சை மணம் மாறிவிடும். சிட்ரால் அமிலத்தின் பக்கத்தில் நீண்ட நாள் தாக்குப்பிடிக்காது. இரண்டு வாரம் என்று கணக்கு வைத்துக்கொண்டு, அந்த அளவுக்கு மட்டும் செய்யுங்கள்.